பைக் டயர் எங்கே தேய்கிறது? அறிகுறி பார்த்துப் பழுது கண்டுபிடிப்பதும், புது டயர் தேர்ந்தெடுப்பதும்

டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள்) தேய்ந்துபோய்விட்டது என்று தெரிந்ததும் நேராக டயர் கடைக்குப் போய் மாற்றிவிடுவதுதான் வழக்கம். பழைய டயர் கடை மூலையில் போய்ச் சேரும். அதோடு வண்டியில் எது சரியில்லை என்பதற்கான தடயமும் போய்விடும். செயின் அட்ஜஸ்டர் ஒரு பக்கம் கூடுதலாக இழுத்திருந்தாலோ, ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் குழாய்கள்) ஆயில் வீணாகியிருந்தாலோ, புது டயரும் பழையது தேய்ந்த அதே இடத்தில்தான் தேயும். எனவே கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் டயரைப் பாருங்கள்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். சொந்தமாக ஒரு காற்றழுத்தக் கேஜ், சாக்பீஸ், டார்ச், சின்ன ஸ்கேல், ஒரு தீக்குச்சி இருந்தால் போதும். குச்சியைப் பட்டன் பள்ளத்தில் நிமிர்த்தி வைத்து, மேல்மட்டத்தில் நகத்தால் பிடித்து எடுத்து ஸ்கேலில் அளக்கலாம். நடுவில், இடது ஓரத்தில், வலது ஓரத்தில் என மூன்று இடம். அதையே சக்கரத்தைச் சுற்றி நான்கு இடத்தில் அளந்து சாக்பீஸால் டயரிலேயே எழுதிவிடுங்கள்.

பக்கச் சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு குட்டி மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகள் இருசக்கர வண்டிக்குக் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 0.8 மி.மீ. ஆனால் அது சட்டத்துக்கான கணக்கு. மழைத் தண்ணீரை வெளியே தள்ள அந்த ஆழம் போதாது. 2 மி.மீ.க்குக் கீழே வந்த டயரோடு ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டாமல் புரட்டாசியிலேயே மாற்றிவிடுவது நல்லது.

காற்றைக் காலையில், வண்டி எடுப்பதற்கு முன் பாருங்கள். டயர் சூடு 10 டிகிரி ஏறினால் அழுத்தம் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். சித்திரை வெயிலில் ஓடி வந்த வண்டியில் 4, 5 கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை குறைவாக நிற்கும். எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஸ்விங் ஆர்மிலோ (பின் சக்கரத்தைத் தாங்கும் கரம்) செயின் கவரிலோ ஸ்டிக்கர் இருக்கும். பல்சர் 150க்கு முன்னால் 25, பின்னால் தனியாகப் போனால் 28, டபுள்ஸ் போனால் 32. பங்க்கில் கேட்காமலே இரண்டுக்கும் 35 அடித்துவிடுவது பல ஊர்களில் நடக்கிறது. தேய்மானக் கோளாறில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

பின் டயர் நடுவில் தட்டையாகிவிட்டது, ஓரம் புதிது போல இருக்கிறது

நான்குவழிச் சாலையில் தினமும் நேராக ஓடும் வண்டிக்கு இது இயல்பு. பைக் டயர் உருண்டையானது. நிமிர்ந்து ஓடும்போது நடுப்பகுதி மட்டுமே தரையைத் தொடும். எஞ்சின் இழுவையும் அந்தப் பட்டையில்தான் இறங்குகிறது.

இயல்பை விடச் சீக்கிரம் தட்டையானால் முதல் சந்தேகம் கூடுதல் காற்று. அடுத்தது பின் பிரேக். சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். இரண்டு, மூன்று சுற்றாவது தடையின்றிச் சுழல வேண்டும். உரசி நின்றால் டிரம்மில் பிரேக் ஷூ முழுதாகத் திரும்பவில்லை, அல்லது பிரேக் ராடை இறுக்கமாக வைத்திருக்கிறார்கள். பிரேக்கே போடாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி வந்து ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் உறுதி.

தட்டையான டயரில் பட்டன் மிச்சம் இருந்தாலும் வளைவில் தொல்லை கொடுக்கும். வண்டியைச் சாய்க்கும்போது முதலில் சாய மறுக்கும். தட்டையின் விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று விழுவது போல இருக்கும். பாலத்து இணைப்பிலும், சுரண்டிப் போட்ட தார்ச்சாலையின் கோடுகளிலும் பின்பக்கம் தானாக நெளியும். டயரின் குறுக்கே ஸ்கேலை வைத்தால் தட்டை எவ்வளவு அகலம் என்று தெரியும். உள்ளங்கை அகலத்தில் பாதிக்கு மேல் போய்விட்டால், ஆழம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாமல் மாற்றுங்கள்.

இரண்டு ஓரமும் தேய்கிறது, நடுவில் பட்டன் இருக்கிறது

மலைப்பாதையில் அடிக்கடி ஓட்டாதவர் வண்டியில் இது தெரிந்தால் காற்றுக் குறைவு. சுமையில் டயர் அமுங்கிப் பரவி, தோள் பகுதி தரையில் உரசுகிறது. பக்கச் சுவர் ஓயாமல் மடங்கி நிமிர்வதால் சூடேறும். உள்ளே இருக்கும் நைலான் நூல் அடுக்கு தளரும்.

ட்யூப் டயரில் இன்னொரு ஆபத்து உண்டு. வால்வைப் பாருங்கள். ரிம்முக்கு நேராக, சக்கரத்தின் நடுவை நோக்கி நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் காற்றில்லாத டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, ட்யூபையும் கூடவே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அப்படியே விட்டால் ஒரு நாள் வால்வு அடியோடு பிய்யும். அந்தப் பஞ்சரை ஒட்ட முடியாது, ஓடும்போது காற்று மொத்தமும் ஒரே நொடியில் போகும். காற்றை முழுக்க இறக்கி, டயரை ரிம்மிலிருந்து விடுவித்து, வால்வை நேராக்கி மறுபடி அடியுங்கள். வால்வில் இருக்கும் சின்ன நட்டை ரிம்மோடு சேர்த்து முறுக்க வேண்டாம். மூடிப் பக்கம் ஏற்றி விட்டால் அடுத்த முறை ட்யூப் நழுவும்போது வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும்.

ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது

வலது பக்கம் இலேசாகக் கூடுதலாகத் தேய்ந்திருந்தால் கவலை வேண்டாம். நம் சாலைகள் நடுவில் மேடாகவும் ஓரம் சரிவாகவும் இருக்கும். இடது ஓரமாக நிமிர்ந்து ஓடும் வண்டிக்கு டயரின் வலது பக்கம்தான் தரையில் அதிகம் படும். இரண்டு பக்கத்துக்கும் 1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, இடது பக்கம் தேய்ந்தாலோ சக்கர நேர்கோட்டைப் பார்க்க வேண்டும்.

ஸ்விங் ஆர்மில் செயின் அட்ஜஸ்டர் பக்கத்தில் இருக்கும் கோடுகளை மட்டும் நம்பாதீர்கள். இடதும் வலதும் ஒரே கோட்டில் நின்றாலும் சக்கரம் கோணலாக இருக்கக்கூடும். நூல் கட்டிப் பார்ப்பதே சரியான வழி.

மெல்லிய நைலான் நூலின் நடுப்பகுதியைப் பின் டயரின் பின்பக்கம் வைத்து, இரண்டு முனைகளையும் இரு பக்கமாக முன் சக்கரத்தைத் தாண்டிக் கொண்டுபோங்கள். ஸ்டாண்டு, சைலன்சர் எதிலும் படாத உயரம் வேண்டும். தரையிலிருந்து அரையடிக்குள் பெரும்பாலும் கிடைக்கும். முனைகளை இரண்டு செங்கல்லில் கட்டி இழுத்து, ஒவ்வொரு பக்கமும் நூல் பின் டயரின் முன் விளிம்பை இலேசாகத் தொடும் வரை செங்கல்லை நகர்த்துங்கள். ஹேண்டிலை நேராக வைத்து, முன் டயருக்கும் நூலுக்கும் இடையே உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளக்க வேண்டும். பின் டயர் 100 மி.மீ. அகலம், முன் டயர் 80 என்றால் பக்கத்துக்கு 10 மி.மீ. வர வேண்டும். ஒரு பக்கம் 15, இன்னொரு பக்கம் 5 என்றால் பின் சக்கரம் திரும்பி நிற்கிறது. ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி ஒரு பக்க அட்ஜஸ்டரை கால் சுற்று, கால் சுற்றாகத் திருகிச் சமமாக்குங்கள். பிறகு செயின் தொய்வைப் பாருங்கள். பெரும்பாலான 100 முதல் 150 சி.சி. வண்டிகளுக்கு 20 முதல் 30 மி.மீ. ஆக்ஸிலை இறுக்கியதும் இன்னொரு தடவை அளந்துவிடுங்கள். இறுக்கும்போது சக்கரம் நகர்வது சகஜம்.

நூல் சரியாக வந்தும் தேய்மானம் தொடர்ந்தால் ஸ்விங் ஆர்ம் புஷ். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் பின் சக்கரத்தைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டுங்கள். ரிம்மும் ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால் புஷ். ரிம் மட்டும் ஆடினால் வீல் பேரிங். எப்போதாவது பலமாக விழுந்த வண்டி என்றால் சேஸிஸ் கோணலும் சாத்தியம். அதை நூல் வைத்துத் தீர்க்க முடியாது. சேஸிஸ் பெண்ட் எடுக்கும் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

முன் டயரில் பள்ளமும் மேடுமாக, ரம்பப் பல் மாதிரி தேய்ந்திருக்கிறது

உள்ளங்கையை டயரின் மேல் ஒரு திசையில் ஓட்டினால் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ஓட்டினால் விரலைத் தடுப்பதாகவும் இருக்கும். 50, 60 வேகத்தில் ஊளையிடும் சத்தமும் ஹேண்டிலில் நடுக்கமும் வரும். முன் பிரேக் போடும்போது ஒவ்வொரு பட்டனும் மடங்கி ஒரு விளிம்பில் மட்டும் உரசுவதுதான் காரணம். பெரிய பட்டன் உள்ள டயரில் சிறிதளவு இருக்கவே செய்யும்.

கைக்கு நன்றாகத் தட்டுப்பட்டால் இந்த வரிசையில் பாருங்கள். செலவு குறைந்ததிலிருந்து தொடங்கும் வரிசை இது.

1. காற்று. முன் டயரில் 5 பி.எஸ்.ஐ. குறைந்தாலே இது தொடங்கிவிடும்.

2. ஃபோர்க். முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டிலைப் பலமாக அமுக்கி விடுங்கள். ஒருமுறை எழும்பி நிற்க வேண்டும். இரண்டு, மூன்று முறை ஆடினால் ஆயில் நீர்த்துவிட்டது. பைப்பில் எண்ணெய் வளையம் தெரிந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவில், கம்பெனி சொன்ன தரத்தில் ஆயில் ஊற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சீல் மாற்றி, அந்தப் பக்கம் மட்டும் ஆயில் ஊற்றுவது அரைகுறை வேலை.

3. கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்). பின்னால் ஒருவரை அமுக்கச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் டக் டக் என்று ஆட்டம் தெரியக் கூடாது. ஹேண்டிலை மெதுவாக இடமிருந்து வலம் திருப்பினால் நடுவில் ஒரு பள்ளத்தில் உட்காருவது போல மாட்டக் கூடாது. ஆட்டம் என்றால் இறுக்கினால் போதும். மாட்டினால் மாற்றியே ஆக வேண்டும். இறுக்கினால் இன்னும் மோசமாகும்.

4. ரிம் கோட்டம். ஃபோர்க்கில் ஒரு குச்சியைக் கட்டி, அதன் நுனி ரிம்மை மயிரிழையில் தொடாமல் நிற்கும்படி வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். பக்கவாட்டிலோ மேலும் கீழுமோ 2 மி.மீ.க்கு மேல் போனால் ஸ்போக்ஸ் ரிம்மைக் கோட்டம் எடுக்கலாம். அலாய் வீலுக்கு, அடித்து நிமிர்த்துவதை விட மாற்றுவதே பாதுகாப்பு.

ஒரே இடத்தில் மட்டும் தேய்ந்த திட்டு

பின் பிரேக்கை மிதித்துச் சக்கரம் உருளாமல் இழுபட்ட இடம். உள்ளே நூல் தெரிந்தால் அந்த டயரில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் திட்டு விழுந்தால், பிரேக் போடும்போது பெடல் காலை மேலே தள்ளுகிறதா என்று கவனியுங்கள். தள்ளினால் டிரம் வட்டம் தப்பியிருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் கவ்வுகிறது.

வெடிப்பு, புடைப்பு, வெட்டு

பள்ளங்களுக்குள் தலைமுடி கனத்தில் வெடிப்பு என்றால் ரப்பர் காய்ந்து வருகிறது. நகம் நுழையும் அளவுக்குப் பக்கச் சுவரில் வெடித்தால் மாற்றுங்கள். வெயிலில் நிறுத்துவது, மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பது, குறைந்த காற்று ஆகிய மூன்றும் வழக்கமான காரணங்கள். நான்காவது நாமே காசு கொடுத்துச் செய்துகொள்வது: வாட்டர் வாஷில் பளபளப்புக்காக டீசல் அடிப்பது. டீசல் ரப்பரை ஊற வைத்து மென்மையாக்கிவிடும். வண்டியைக் கழுவ விடும்போதே டீசல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பக்கச் சுவரில் கொப்புளம் போலப் புடைத்திருந்தால் பேச்சே கிடையாது. குழியில் விழுந்து உள்ளே நூல் அறுந்திருக்கிறது. காற்றைத் தாங்குவது வெறும் ரப்பர் தோல். இதற்கு ஒட்டு வேலை எதுவும் இல்லை.

ட்யூப்லெஸ்ஸில் ஆணி ஏறினால் ஸ்ட்ரிப் (துளையை அடைக்கும் ரப்பர் துண்டு) சொருகலாம். தரையில் படும் நடுப்பகுதியில், 6 மி.மீ.க்கு மிகாத துளைக்கு மட்டும். பக்கச் சுவரில் சொருகித் தருகிறேன் என்று சொல்லும் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பஞ்சர் இல்லை, ஆனாலும் வாரம் ஒருமுறை காற்று இறங்குகிறது

மாதத்துக்கு 1, 2 பி.எஸ்.ஐ. குறைவது இயல்பு. அதற்கு மேல் என்றால் சோப்புத் தண்ணீர்தான் மருந்து. முதலில் வால்வு வாயில் ஒரு சொட்டு. குமிழி வந்தால் உள்ளே இருக்கும் ஊசியை மாற்ற வேண்டும், பத்து, இருபது ரூபாய் வேலை. அடுத்து வால்வின் அடி ரப்பரை வளைத்துப் பாருங்கள். பிறகு டயரும் ரிம்மும் சேரும் விளிம்பு முழுக்க. அங்கே நுரைத்தால் டயரைக் கழற்றி, ரிம் விளிம்பில் படிந்த துருவையும் உப்பையும் எமரி தாளால் தேய்த்து எடுத்துவிட்டு மாட்ட வேண்டும். கடலோர ஊர்களில் இதுதான் அதிகம்.

புது டயர்: எதைப் பார்த்து வாங்குவது

பக்கச் சுவரில் உள்ள எண்களைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பட்டன் அழகு கடைசி. 100/90-17 55பி என்றால் அகலம் 100 மி.மீ., உயரம் அதில் 90 சதவீதம், ரிம் 17 அங்குலம். 55 என்பது சுமைக் குறியீடு, 218 கிலோ. பி என்பது வேகம், மணிக்கு 150 கி.மீ. சுமைக் குறியீடு கம்பெனி டயரை விடக் குறையவே கூடாது. டபுள்ஸ், கேரியர், பால் கேன், காஸ் சிலிண்டர் என்று ஓடும் வண்டிக்கு முக்கியமாக. பழைய ஸ்பிளெண்டரில் முன்னும் பின்னும் ஒரே 2.75-18தான், ஆனால் முன்னால் 42பி, அதாவது 150 கிலோ, பின்னால் 48பி, 180 கிலோ. அளவு ஒன்றுதானே என்று முன் டயரைப் பின்னால் மாட்டினால் 30 கிலோ தாங்கும் திறன் போய்விடுகிறது.

அகல டயர் போடலாமா என்பதுதான் எல்லாக் கடையிலும் கேட்கப்படும் கேள்வி. ஒரு படி, ரிம் அகலம் இடம் கொடுத்தால், போடலாம். 100/90-17க்குப் பதில் 110/80-17 போட்டால் விட்டம் 612 மி.மீ.யிலிருந்து 608 ஆகிறது, வித்தியாசமே தெரியாது. 120/80-17 என்றால் 624; சக்கரம் 2 சதவீதம் பெரிதாகிறது, இழுவை குறையும், செயின் கவரிலோ மட்கார்டிலோ உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் விளிம்புகள் உள்ளே இழுக்கப்பட்டு டயர் கூம்பிக்கொள்ளும். அப்போது பெரிய டயர் போட்டும் தரையில் படும் பரப்பு கூடாது, நடு மட்டும் வேகமாகத் தேயும். காசும் மைலேஜும் போனதுதான் மிச்சம். ஏபிஎஸ் வண்டியில் இரண்டு சக்கரத்தின் வேகத்தையும் ஒப்பிடும் சென்சார் இருப்பதால் கம்பெனி அளவை விட்டு விலகவே வேண்டாம்.

சாதாரண ஸ்போக்ஸ் ரிம்முக்கு ட்யூப் டயர். ட்யூப்லெஸ் டயரை வாங்கி உள்ளே ட்யூப் போட்டால் ட்யூப்லெஸ்ஸின் பயன் எதுவும் கிடைக்காது. ஆணி ஏறினால் காற்று உடனேதான் இறங்கும்.

ரப்பரின் தன்மையைக் கேளுங்கள். எம்.ஆர்.எஃப்., டி.வி.எஸ். யூரோகிரிப், சியட் என்று எந்தக் கம்பெனியானாலும், நீண்ட நாள் உழைக்கும் கெட்டி ரப்பரும் பிடிமானம் கூடிய மென் ரப்பரும் தனித்தனி மாடலில் கிடைக்கும். ஒரே ரப்பரில் இரண்டும் முழுதாகக் கிடைக்காது. தினம் அலுவலகம் போய்வரும் 100 சி.சி. வண்டிக்குப் பின்னால் கெட்டியானது போதும். முன்னால் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: மழையில் வண்டியை நிறுத்துவதும் திருப்புவதும் முன் டயர்தான், அது எப்படியும் மெதுவாகத்தான் தேயும்.

தேதியைக் கடைக்காரர் மாட்டுவதற்கு முன் பாருங்கள். நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஒரு வருடத்துக்குள் தயாரானதைக் கேட்டு வாங்குங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன்மேல் ஐ.எஸ். 15627 என்ற எண்ணும் இருக்க வேண்டும். பாதி விலைக்குப் ‘புது’ டயர் என்றால், மொட்டை டயரில் சூட்டுக் கத்தியால் பட்டன் வெட்டியதா என்று சந்தேகப்படுங்கள். பள்ளத்தின் அடியில் டி.டபிள்யூ.ஐ. மேடு இருக்காது, பள்ளங்கள் ஒரே ஆழத்தில் இருக்காது, தேதி பழையதாக இருக்கும்.

மாட்டும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை

அம்புக்குறி சக்கரம் உருளும் திசையில் இருக்கட்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம். வால்வுக்கு நேராக வர வேண்டும். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவலாம். கிரீசோ எஞ்சின் ஆயிலோ கூடாது, ரப்பரைத் தின்னும், டயரை ரிம்மில் நழுவவும் விடும். ட்யூப் டயர் என்றால் ட்யூபும் புதிது. பழைய ட்யூப் நீண்டு போயிருக்கும். புது டயருக்குள் மடிந்து, மடிந்த இடத்தில் கிழியும். ரிம் டேப் காய்ந்திருந்தால் அதையும் மாற்றி, ஸ்போக்ஸ் நுனி எதுவும் துருத்தவில்லை என்று விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

காற்று அடித்ததும் பக்கச் சுவரில், ரிம்முக்குச் சற்று மேலே ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு இடத்தில் உள்ளே புதைந்திருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. புது டயர் போட்டதும் வண்டி குதிக்கிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் விட்டு மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். பக்கச் சுவரில் போட்டிருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்ட விடாதீர்கள்.

ஆக்ஸில் நட்டில் கோட்டர் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் கம்பி) இருந்தால் புதிது போடச் சொல்லுங்கள். டிஸ்க் வண்டி என்றால் கிளம்பும் முன் பிரேக்கை நான்கைந்து முறை அழுத்துங்கள்; சக்கரம் கழற்றும்போது பேடு விலகியிருக்கும், முதல் அழுத்தலில் பிரேக் பிடிக்காது. புது டயரின் மேல் வழவழப்பு இருக்கும். முதல் 150 கிலோமீட்டருக்குப் பலமாகச் சாய்ப்பதும் திடீர் பிரேக்கும் வேண்டாம். அந்த 150 முடிந்த மறுநாள் காலை காற்று, செயின் தொய்வு, ஆக்ஸில் நட்டு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அப்போதைய கிலோமீட்டரை ஆர்.சி. கவருக்குள் தேதியோடு எழுதி வையுங்கள்.